கல்லோடு ஒரு சீவியம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தங்கை தன் மகனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு புவிச்சரிதவியல் பயின்று, சிறப்புப் பட்டமும் பெற்று, ஆறு மாதமாக வீட்டிலே இருக்கிறான் மருமகன். வந்தவன் முற்றத்து வேப்பமர நிழலில் அடக்கமாக நின்றுகொண்டான். தங்கைதான் பேசினாள்.

"அண்ணை, இவனுக்கு வைத்தியம் கிடைக்கவில்லை, பொறியியலும் கிடைக்கவில்லை. ஏதோ ஒரு பட்டம் எடுக்கட்டும் என்று விட்டேன். இவன் போய்க் கல்லைப் படித்துவிட்டு வந்து நிற்கிறான். கல் சோறு போடுமா? நீங்கள் அந்தக் கல்லோடே சீவித்தவர். நீங்களே சொல்லுங்கோ."

மருமகன் சட்டைப் பையிலிருந்து இரண்டு கடிதங்களை எடுத்து என் முன் வைத்தான். ஒன்று, தன்சானியாவிற் காரீயம் தேடும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிலிருந்து வந்தது: மாதம் 1,800 அமெரிக்க டொலர், எட்டு வாரம் வேலை, மூன்று வாரம் விடுமுறை, இரண்டாண்டு ஒப்பந்தம். மற்றது, மலைநாட்டில் மண்சரிவு ஆய்வுக்குத் தற்காலிக உதவியாளனாக வரும்படி அழைப்பது. அதன் சம்பளம், முன்னதில் எட்டிலொரு பங்குதான் தேறும்.

"மாமா, எதற்குக் கையெழுத்திடலாம்?" என்று கேட்டான்.

நான் உடனே விடை கூறவில்லை. இருவரையும் இருத்தித் தேநீர் வரவழைத்து, என் கணக்கு முழுவதையும் விரித்துச் சொன்னேன். அதே கேள்வி இன்று வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியதைக் கண்ட நாட்டிலே, பிள்ளைகளின் கண் கடலுக்கு அப்பாற் செல்வது வியப்பன்று. ஆகவே அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறேன்.

கடல் கடந்து உழைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. என் பாட்டனார் மலாயா இரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து பென்சனோடு ஊர் மீண்டவர். அவர் கட்டிய வீட்டில், போரிலே பாதி இடிந்ததைத் திருத்தி, இன்று நான் குடியிருக்கிறேன். ஆனால் பாட்டனாருடைய உத்தியோகத்துக்கும் என்னுடைய உத்தியோகத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அவருடையது அரசாங்க உத்தியோகம். சம்பளம் ஆண்டுதோறும் சிறிது ஏறுமேயன்றி இறங்காது. என்னுடையதோ பொன்னும் செம்பும் எண்ணெயும் உலகச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்பதைப் பொறுத்தது. இதனை விளங்கிக்கொள்ளாமல் இத்தொழிலிற் புகுவோர் பின்னர் வருந்துவர்.

கல்லைப் படிப்பது நம்மவர்க்கு அந்நியமான வித்தை என்று தங்கை எண்ணியிருந்தாள். கலையாராய்ச்சியால் உலகப் புகழ் பெற்ற ஆனந்த குமாரசுவாமி முதலில் ஒரு புவிச்சரிதவியலாளரே என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். கொழும்பிற் பிறந்த அவர் இலண்டனில் இவ்வித்தையைக் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினக்கல் மணலினிடையே 1904 இல் அவர் கண்டெடுத்த கரிய, பாரமான கனிப்பொருளே பின்னர் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. கல்லைத் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றபோதுதான் அவர் நாட்டுக் கைவினைஞரின் தொழில்களைக் கண்டார். 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூலுக்கு அந்தப் பயணங்கள் வித்தாயின. அவரும் பின்னர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து நூதனசாலையிலேயே உத்தியோகம் வகித்தார் என்பது வேறு கதை.

மற்றொன்றும் சொன்னேன். உலகெங்கும் புவிச்சரிதவியல் மாணவர் படிக்கின்ற கற்களுள் சார்ணொக்கைற்று என்பது ஒன்று. கல்கத்தாவை நிறுவியவராகக் கருதப்பட்டுவந்த யோபு சார்ணொக் என்பவரின் கல்லறைக்கு இட்ட கல் அது. அந்தக் கல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல்லே என்று கண்ட தோமஸ் ஒலண்டு என்னும் அறிஞர், 1893 இல் அதற்கு அப்பெயரை இட்டார். நமது மலைநாட்டிலும் அந்தக் கல் உண்டு. ஆபிரிக்காவில் ஓர் ஆற்றங்கரையிலே முதன்முதல் அதனைக் கண்டபோது, ஊரவர் ஒருவரைச் சந்தையிற் கண்டாற்போல் எனக்கு இருந்தது.

நான் 1986 இற் பட்டம் பெற்றேன். முதல் ஐந்தாண்டு வரண்ட பிரதேசத்தில் குழாய்க்கிணறு தோண்டும் வேலை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் எங்கே வெட்டினாலும் நீர் காணலாம். வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் அப்படியன்று. அங்கே அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதில் வெடிப்புள்ள இடத்தைக் கண்டுபிடித்தால் மட்டுமே நீர். அந்த அனுபவந்தான் 1991 இல் என்னைப் பொட்சுவானாவுக்குக் கொண்டு சென்றது. கலகாரி மணலின் கீழ் நீர் தேடுவதற்கு, வரட்சி அறிந்த நாட்டவரை அங்கே விரும்பினர். 1966 இற் சுதந்திரம் பெற்றபோது உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்றாக இருந்தது பொட்சுவானா. மறு ஆண்டே ஒராபா என்னும் இடத்தில் வைரப்பாறை காணப்பட்டது. அந்த நாட்டின் தலைவிதி மாறிற்று. ஒரு சுத்தியலும் கைவில்லையும் ஒரு தேசத்துக்கு என்ன செய்யக்கூடும் என்பதை அங்கேதான் கண்டேன்.

1996 இல் மேற்கு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தேன். பேர்த் நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 600 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது கல்கூர்லி. அங்கே 1893 இற் பொன் கண்டார்கள், இன்றும் வெட்டுகிறார்கள். அதற்கும் அப்பால், மனித வாடையற்ற வெளியிலே எங்கள் முகாம்.

அங்கே வேலை எத்தகையது என்று மருமகன் ஆவலோடு கேட்டான். விடியுமுன் எழுந்து, பன்னிரண்டு மணி நேரம். துரப்பண இயந்திரம் பூமியைக் குடைந்து, மெலிந்த தூண் போன்ற கல்லுருளைகளை வெளியே எடுக்கும். அவற்றை வரிசை பிசகாமற் தட்டங்களில் அடுக்குவார்கள். புவிச்சரிதவியலாளன் அதன்மேற் குனிந்து, மீற்றர் மீற்றராக, கல்லின் நிறம், மணியின் பருமன், வெடிப்பின் சாய்வு, வெண்கல் நரம்பு ஓடும் திசை எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஐயமிருந்தால் ஒரு துளி அமிலம் இட்டுப் பார்க்க வேண்டும். பின்னர் மாதிரிகளைப் பையிலிட்டு இலக்கமிட வேண்டும். ஓர் இலக்கம் மாறினாற் கோடிக்கணக்கான பணத்தின் கணக்கே மாறிவிடும். நிழலிலே 45 பாகை வெப்பம், கண்ணில் மொய்க்கும் ஈக்கள், சட்டையெல்லாம் செந்தூள். அந்தச் செம்மண்ணைக் காணும்போது மட்டும் உரும்பிராய்த் தோட்டங்கள் நினைவுக்கு வரும்.

"சம்பளம்?" என்றாள் தங்கை. அதனையும் ஒளிக்காமற் சொன்னேன். நான் 2019 இல் விலகியபோது, எங்கள் முகாமிற் புதிதாகச் சேர்ந்த பட்டதாரிக்கு ஆண்டொன்றுக்கு எண்பதினாயிரம் முதல் ஒரு இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை கொடுத்தார்கள். ஆறேழு ஆண்டு அனுபவமுள்ளவர் ஒன்றரை இலட்சத்தை எட்டுவார். புதியவர் சம்பளத்தில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு வருமான வரியாகப் போய்விடும். முகாமிலே ஊணும் உறையுளும் கம்பனியின் செலவு. அமெரிக்காவில், 2023 ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்கின்படி, புவி விஞ்ஞானிகளின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 92,000 டொலருக்குச் சற்று மேல். ஆனால் இவை அந்நாடுகளில் வேலை செய்யும் உரிமை பெற்றவர்க்குரிய தொகைகள். இலங்கையிலிருந்து நேரே செல்லும் புதிய பட்டதாரிக்கு அக்கதவுகள் எளிதில் திறப்பதில்லை. பெரும்பாலோர் முதலில் ஆபிரிக்காவிலோ வளைகுடா நாடுகளிலோ களவேலை பழகியோ, அந்தந்த நாட்டில் மேற்பட்டம் படித்தோதான் உள்ளே புகுகின்றனர். நான் போன வழியும் அதுவே.

தங்கையின் முகம் மலர்ந்தது. "இனி மறுபக்கத்தையும் கேள், பிள்ளை" என்றேன்.

நான் கல்கூர்லிப் பக்கம் போய்ச் சேர்ந்த மறு ஆண்டு, 1997 இல், பிறி-எக்ஸ் என்ற கனேடியக் கம்பனியின் மோசடி வெளிப்பட்டது. போர்ணியோத் தீவின் காட்டிலே மாபெரும் பொற்சுரங்கம் உண்டென்று உலகை நம்பச் செய்தார்கள்; கல் மாதிரிகளில் வெளியிலிருந்து பொற்றூளைக் கலந்திருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. பங்குகள் ஒன்றுமில்லாமற் போயின. பொன் தேடுவதற்குப் பணம் போட எவரும் முன்வரவில்லை. அதே வேளையில் பொன்னின் விலையும் விழுந்து, 1999 இல் அவுன்சு ஒன்று 250 டொலரளவில் வந்து நின்றது. எங்கள் முகாமை மூடினார்கள். 1998 இல், இரண்டு கைக்குழந்தைகளோடு, நான் வேலையற்றவனானேன். கல்லைத் தவிர வேறொன்றும் அறியாதவன் என்ன செய்வது? பேர்த் நகரத்து மரக்கறிச் சந்தையிற் பெட்டி தூக்கினேன்; இரவில் வாடகைக் கார் ஓட்டினேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. ஐயா இறக்கும் வரை அவருக்கு அது தெரியாது. 2003 இற் சீனா இரும்பையும் செம்பையும் வாங்கிக் குவிக்கத் தொடங்கிய பின்னர்தான் மீண்டும் முகாமுக்கு அழைத்தார்கள்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2014 நடுப்பகுதியில் நூறு டொலருக்கு மேல் விற்ற ஒரு பீப்பாய் எண்ணெய், 2016 சனவரியில் முப்பதுக்கும் கீழே போயிற்று. எண்ணெய் தேடிய புவிச்சரிதவியலாளர் பல நாடுகளில் வீடு திரும்பினர். இந்தோனேசிய நிக்கல் சந்தையை நிரப்பியதால், 2024 ஒக்டோபரில் பி.எச்.பி. கம்பனி மேற்கு அவுஸ்திரேலியாவில் தன் நிக்கல் தொழிலை இடைநிறுத்திற்று. மறு ஆண்டு ஒக்டோபரிலோ பொன் அவுன்சு 4,000 டொலரைத் தாண்டிற்று. ஒரே மாகாணத்தில், ஒரே வித்தை கற்ற இருவரில், ஒருவன் வேலையிழக்கிறான். மற்றவனைக் கூவி அழைக்கிறார்கள். ஆகவே, நல்ல காலத்துச் சம்பளத்தை நிலையான சம்பளம் என்று எண்ணி வீடும் காரும் கடனில் வாங்கலாகாது. ஓராண்டுச் செலவுக்கான பணத்தைத் தனியே சேர்த்து வைத்த பின்னரே மற்றையவற்றைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். இதை நான் மரக்கறிச் சந்தையிற் கற்றேன்.

மேலே ஏறும் படிகளையும் மருமகனுக்கு விளக்கினேன். அவுஸ்திரேலியாவில் 1989 இல் வந்த ஜோர்க் என்னும் விதிக்கோவையின்படி, ஒரு கம்பனி தன்னிடம் இவ்வளவு கனிவளம் உண்டென்று பகிரங்கமாகச் சொல்வதானால், அதற்குத் தகுதியுடையோன் ஒருவன் பெயரைக் கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற தொழில்வல்லுநர் சங்கத்தில் உறுப்புரிமையும், அந்த வகைக் கனியத்தில் ஐந்தாண்டு அனுபவமும் அதற்கு வேண்டும். பிறி-எக்ஸ் மோசடிக்குப் பின் 2001 இற் கனடாவும் இத்தகைய விதியை வகுத்துக்கொண்டது. முதல் ஐந்தாண்டு கல்லுருளை பார்ப்பவனாக இருப்பவன், அதன்பின் கையெழுத்துக்கு மதிப்புள்ளவனாகிறான். ஆதலால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாமல், ஒருவகைக் கனியத்தோடு சில ஆண்டு நிலைத்து நிற்பது நன்று. காரீயம் நல்ல தெரிவே. மின்கலங்களுக்கு இன்று அது வேண்டப்படுகிறது. உயர்ந்த தரக் காரீயம் நமது போகலவிலும் கஹட்டகஹவிலும் வெட்டப்படுகிறது. வெளியே பழகியதை இங்கும் பயன்படுத்தலாம்.

"அப்படியானால் மற்றக் கடிதம்?" என்றான் அவன்.

அந்தக் கடிதத்தைத் தங்கை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நானோ அதனைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடிற்று. மண்ணின் கீழ் அகப்பட்டோர் நம் மக்கள். அந்த இடம் ஆபத்தானதென்று ஆய்வாளர் முன்னரே எச்சரித்திருந்தனர். ஹொங்கொங்கிலும் இப்படி நேர்ந்தது. 1972 சூன் 18 ஆம் திகதி, ஒரே நாளில் இரு சரிவுகளால் 130க்கு மேற்பட்டோர் இறந்தனர். 1977 இல் அங்கே சரிவுகளைக் கண்காணிக்கவென்றே ஓர் அரசாங்க அலுவலகம் அமைத்தார்கள். புவிச்சரிதவியலாளரையும் பொறியியலாளரையும் அமர்த்தி, சரிவு சரிவாகப் பதிந்து, சுவரெழுப்பி, நீர்வழி வெட்டினார்கள். பொன்னின் விலை விழுந்தாலும் மலை சரிவது நிற்பதில்லை. குடிநீர் வேண்டாத ஊரும் இல்லை. ஆகவே நிலத்தடி நீர், சுரங்கப்பாதை, மலைச்சரிவு ஆகிய துறைகளிற் சம்பளம் குறைவாயினும் வேலை நிலையானது. சிங்கப்பூரிலும் ஹொங்கொங்கிலும் அந்த அனுபவத்துக்கும் மதிப்புண்டு.

இவ்வளவும் சொன்ன பின், சொல்லத் தயங்கியிருந்ததையும் சொன்னேன். 2003 முதல் 2018 வரை என் முறைவேலை, இரண்டு வாரம் முகாம், ஒரு வாரம் வீடு. பதினைந்து ஆண்டில் பத்தாண்டு வீட்டிலில்லை என்பது இதன் பொருள். என் பிள்ளைகள் சைக்கிள் ஓடப் பழகியதை நான் காணவில்லை. மகளின் முதல் நடன நிகழ்ச்சியை ஒளிப்படத்திற்தான் பார்த்தேன். இன்று அவர்கள் பேர்த்திலேயே தங்கிவிட்டார்கள். நாங்கள் இருவரும் இங்கே. இதில் அவர்கள் பிழை ஒன்றுமில்லை.

2005 இல் ஐயா காலமானபோது, நான் முகாமிலிருந்தும் விலகி, வெளியிலே ஒரு துரப்பணக் குழுவோடு இருந்தேன். செய்தி என்னை எட்டியது மறுநாள் இரவு. இலகு விமானம் வருவதற்கு மேலும் இரண்டு நாள். ஒப்பந்தத்தில் அவசர விடுமுறை பற்றி ஒரு வரியும் இல்லை. நான் சேர்ந்தபோது அதைக் கேட்கவும் தோன்றவில்லை. பேர்த், சிங்கப்பூர், கொழும்பு, பின்னர் ஏ-9 வீதி. வாசலில் இறங்கியது ஆறாம் நாள். எட்டுச் செலவுக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஒரே மகன் இருக்க, தங்கையின் கணவர் கொள்ளி வைத்தார். பேரன் பந்தம் பிடித்தான் என்றார்கள். அப்போது நான்கு வயதான அந்தப் பேரன்தான் இப்போது என் முன்னே கடிதங்களோடு இருந்தான்.

தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு மருமகன் கேட்டான்: "மாமா, நீங்கள் மறுபடியும் என் வயதிலிருந்தால் போவீர்களா?"

"போவேன்" என்றேன். "ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போவேன்." எழுதுகோலை எடுத்து, அவனுடைய ஒப்பந்தத்தை வரி வரியாக இருவரும் பார்த்தோம். சம்பளம் டொலரில், எந்த வங்கிக்கு, எந்தத் திகதியில் வரும்? மலேரியாக் காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் செலவு யாருடையது? காப்புறுதி உண்டா? கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும்? வேலை பெற்றுத் தந்ததாக எவருக்காவது பணம் கொடுக்க வேண்டுமா? கம்பனி ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எத்தனை மாதச் சம்பளம்? பல கேள்விகளுக்கு விடை இருந்தது. இரண்டொன்றுக்கு இல்லை.

முடிவை நான் அவனிடமே விட்டேன். மூன்று நாள் கழித்து வந்தான். மலைநாட்டு அதிகாரியை நேரிற் கண்டு, இரண்டாண்டின் பின் வரலாமா என்று கேட்டிருக்கிறான். சரிவுகளில் துரப்பணம் நடத்தத் தெரிந்தவன் என்றைக்கும் தேவை என்று அவர் சொன்னாராம். தன்சானியாக் கம்பனிக்கும் ஒரு கடிதம் எழுதியிருந்தான். அதனை என்னிடம் வாசிக்கத் தந்தான். விடை கிடைக்காத கேள்விகளை முறையாகக் கேட்டிருந்தான். கடைசியில் ஒரு வேண்டுகோள்: பெற்றோருக்கு உயிராபத்தோ மரணமோ நேர்ந்தால், செய்தி கிடைத்த இருபத்துநான்கு மணி நேரத்துள் முகாமிலிருந்து புறப்படுவதற்கு வாகனமும், ஊர் திரும்பும் விமானச் சீட்டும் கம்பனி தரவேண்டும் என்று ஒப்பந்தத்திற் சேர்க்க வேண்டும்.

தங்கைக்கு அது பிடிக்கவில்லை. "அபசகுனமாக இதையெல்லாம் எழுதுவதா?" என்றாள்.

"எழுதட்டும், பிள்ளை" என்றேன் நான்.

சென்ற வெள்ளிக்கிழமை விடை வந்தது. அந்த வரியைச் சேர்த்துப் புதிய ஒப்பந்தம் அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் அவன் புறப்படுகிறான். ஒராபாவில் நான் வாங்கிய பழைய கைவில்லையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.